காற்றுக்குழாயில் விட்ட துணி

ஞாயிறு காலை ஸ்டெல்லாவின் மகன் அழைத்தான். "அங்கிள், மம்மி நஹீ ரஹீ." தமிழ் புரியும், பேச வராது அவனுக்கு. அம்மா இல்லை என்கிறான். நம்பாமல் மறுபடி கேட்டேன். அதையே சொன்னான். மாரடைப்பு.

லோத்குண்டாவில் நம் கார் பட்டறையின் முன்மேசையில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். ஜோசப், ரவி, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் குரல் தெரியும். யார் கத்தினாலும் அது உயராது. "அவங்க கத்துறது வண்டிக்காக, நம்மள இல்ல" என்பார்.

நான்கு வருடத்துக்கு முந்தைய அந்தப் பகல் உங்களுக்கும் நினைவிருக்கும். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைச் சுத்தம் செய்து ஒரு காரை அனுப்பினோம். நீங்கள் இருவரும் நானும் மாறி மாறிக் கை வைத்த வண்டி. ஒரு மணி நேரம் கழித்துத்தான், தூசி விழாமல் குழாய் வாயில் அடைத்த துணி வெளியே வரவில்லை என்று தெரிந்தது. அது உள்ளே இழுபட்டால், எஞ்சினுக்குக் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் குறையாது.

"ஏதாவது சாக்கு சொல்லித் திரும்ப வரச் சொல்லு" என்றார் முதலாளி. ஸ்டெல்லா அதற்குள் வண்டியை எடுத்துப் போன பெண்ணின் போன் நம்பரை அழுத்திவிட்டார். ஐந்து முறை யாரும் எடுக்கவில்லை. ஆறாவது முறை அந்தப் பெண் அலறினார். கச்சிபௌலி மேம்பாலத்தில் இருக்கிறார், எஞ்சின் தானாக உறுமுகிறது, பின்சீட்டில் குழந்தை.

ஸ்டெல்லா தெலுங்கில் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரேக்கை விடாதீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். ஓரம் கட்டுங்கள். நின்றதும் சாவியைத் திருப்புங்கள். போனில் எஞ்சின் சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றது. குழந்தை அழுவது கேட்டது. "தப்பு எங்களுடையது, உள்ளே துணியை விட்டுவிட்டோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மாலையில் முதலாளி நம் மூவரையும் நிறுத்தி, துணியை அடைத்தது யார் என்று கேட்டார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டெல்லாவிடம் திரும்பினார்.

"உனக்குத் தெரியும்ல?"

"ஹவ் சார், ஆமா, தெரியும். செஞ்சவங்களே சொல்லுவாங்க. என்னைக் கேக்காதீங்க."

அன்றிலிருந்து நம் மூவருக்கும் அந்த வேலையைக் கொடுப்பதை நிறுத்தினார் முதலாளி.

போன வருடம் தேநீர் குடிக்கும்போது, "ஸ்டெல்லா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "எனக்குத்தான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே சேகர். இன்னும் சொல்ல வேண்டியவங்க ரெண்டு பேர் இருக்காங்க" என்றார்.

நான் சொல்வேன் என்று அவர் வைத்திருந்த நம்பிக்கை, அவர் போன பின்னும் என்னிடம் இருக்கிறது. ஜோசப், ரவி, அந்தத் துணியை அடைத்தவன் நான்தான்.