மேலாளர் உட்கார்ந்த பச்சை நாற்காலி

சோபாக்காரம்மா என்றுதான் தெருவில் பெயர். ஊர்ச் சோபாக்களுக்கும் நாற்காலிகளுக்கும் துணி மாற்றித் தைப்பவர் வீட்டில் சோபா கிடையாது, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிதான். உடுத்துவதெல்லாம் சாம்பல் நிறப் பருத்தி. பட்டறைச் சுவரில் மட்டும் வேறோர் உலகம்: பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய ஹோட்டல் கூடங்கள், வெல்வெட் திரைகள், ஜிகினா கவுனில் படியிறங்கும் சீமாட்டிகள். நாற்காலிக் கையில் துணியை மடிக்கக் கற்றதே அந்தக் கவுன்களின் இடுப்பைப் பார்த்துத்தான் என்பார். கலை என்று யாராவது சொன்னால், வயிற்றுப்பாடு என்று திருத்துவார். இரண்டும் பாதி உண்மை.

ஊரின் மூத்த ஹோட்டல் ஒன்று, தன் கூடத்து நாற்காலிகள் நாற்பதுக்கும் சந்தன நிறத்தில் துணி மாற்றித் தரச் சொன்னது. இருபத்தாறு வருடத் தொழிலில் இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. முதல் நாற்காலியைப் பிரித்தார். வெளித்துணி சாயம் போய்ப் பழுப்பேறிக் கிடந்தது. ஆணியைப் பிடுங்கி உள்மடிப்பை விரித்தால், வெளிச்சமே படாத இரண்டு விரற்கடை வெல்வெட் மயில்கழுத்துப் பச்சையில் மினுங்கியது.

பக்கத்துக் கடையில் தையல் வேலை செய்யும் நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணி, புதையலா?"

"இதே பச்சையில ஒண்ணு தைச்சுக் காட்டப்போறேன்."

"அவங்க சந்தனம்தானே கேட்டாங்க? மொத்த வேலையும் கைய விட்டுப் போயிடும்."

"தெரியும். ஆனா சந்தனத்தைப் போட்டா அது ஆஸ்பத்திரி."

"சரி, முதுகுப் பொத்தானை நான் வெச்சுத் தரேன். கெட்டுப்போறதுன்னு ஆயிடுச்சு, அழகாக் கெட்டுப்போவோம்."

சந்தனம் ஒன்று, பச்சை ஒன்று என்று இரண்டு நாற்காலிகள் ஹோட்டல் கூடத்தில் இறங்கின. மேலாளர் சந்தன நிற சூட்டில் வந்தார். பச்சையைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"நான் கேட்டது இது இல்லையேம்மா. வேற ஆளைப் பார்க்கவா?"

"பாருங்க சார். அதுக்கு முன்னாடி ரெண்டுலயும் ஒரு தடவை உட்கார்ந்துடுங்க."

சந்தனத்தில் உட்கார்ந்தார். எதிர்க் கண்ணாடியில் ஒரு தலையும் ஒரு டையும் மட்டும் தெரிந்தன. வரவேற்பு மேஜைப் பெண் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

பச்சைக்கு மாறினார். கண்ணாடியில் இப்போது முழு மனிதர் இருந்தார். கால் மேல் கால் ஏறியது.

"முதலாளி மாதிரி இருக்கீங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

எளிமையைப் பற்றி ஊழியர்களுக்கு வாராவாரம் சொற்பொழிவாற்றும் மனிதர், எழுந்திருக்கவேயில்லை.

"நாற்பதும் பச்சையா வரணும்."

"இன்னும் முப்பத்தொன்பது சார். ஒண்ணுலதான் உட்கார்ந்திருக்கீங்களே." வாயைத் திறந்தது திறந்தாயிற்று என்று சோபாக்காரம்மா மேலும் சொன்னார். "தூணுலயும் வெள்ளைக்கு அடியில தங்க வர்ணம் இருக்கு. நீங்க வர்றதுக்குள்ள சுரண்டிப் பார்த்துட்டேன்."

எந்தத் தூண் என்று கேட்டார் மேலாளர், உட்கார்ந்தபடியே.