என் மனுசன் பிடித்த கை

என் கையை முறித்தது என் மனுசன் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் புனித அந்தோனியார் செய்த உதவியைச் சொல்லுவேன்.

போன தவக்காலம். எழுவைதீவு இறங்குதுறையில் நான் படகேற, அவர் வழமைபோலக் கை கொடுத்துத் தூக்கினார். முழங்கைக்கு மேலே டக்கென்றது. எலும்பு முறிந்துவிட்டது.

ஆசுப்பத்திரியில் ஒரு தாதி அவரை வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்டா: "பயப்பிடாமல் சொல்லுங்கோ அக்கா, மனுசன் அடிக்கிறவரோ?"

பக்கத்துக் கட்டிலில் கிடந்த எங்கள் ஊர்க்காரிக்கு அது கேட்டுவிட்டது. ஊருக்கு அந்தக் கேள்வியே போதும். "கடலிலை மீன் படேல்லையெண்டால் வீட்டிலை கை நீளும்போலை" என்று ஒருவர் சிரித்தாராம். என்னை ஒரு சுடுசொல் சொல்லாத மனிதன், அதற்குப் பிறகு என்னைத் தொடவே பயந்தார். கட்டிலால் எழும்பக் கை நீட்டினால், "நீரே மெல்ல எழும்பும்" என்பார்.

எனக்குக் கொதித்தது. கை முறிய முதலே எலும்பெல்லாம் நோ என்று எத்தனை டொக்டர்மாரிடம் சொன்னேன்! வயசு போகுது என்று கல்சியம் குளிசை தந்தார்கள். சிறுநீரகத்தில் கல் வந்தபோது தீவுத் தண்ணியால் வந்தது என்றார்கள். கதை முடிந்தது.

கோவிலில் முழங்காலில் நிற்க ஏலாது. மர வாங்கில் குந்தியிருந்தே சண்டை பிடித்தேன். "அந்தோனியாரே, ஊராற்றை துலைஞ்ச பூட்டுத் திறப்பெல்லாம் தேடி எடுத்துக் குடுக்கிறீர். என்ரை மனுசன்ரை மானத்தை எப்ப எடுத்துத் தரப்போறீர்?"

அடுத்த கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர் அம்மா எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தா.

"முந்திக் கல் வந்ததோ?"

"ஓம். அது எங்கடை கிணத்துத் தண்ணியாலை."

"ஊர் முழுக்க அதைத்தானே குடிக்குது. எல்லாருக்கும் எலும்பு முறியுதோ?"

இரத்தம் சோதித்தார்கள். கழுத்தில் பராதைரொயிட் என்ற சின்னச் சுரப்பி ஒன்று கட்டியாகி, அளவுக்கு மிஞ்சி வேலை செய்து, எலும்பிலுள்ள கல்சியத்தை உருவி இரத்தத்தில் விட்டிருக்கிறது. கல்லும் அதனால்தான். கல்சியம் குளிசையை டொக்டர் அம்மா உடனே நிறுத்தினா.

"எலும்பு அரிச்சுப் போச்சு. ஆர் பிடிச்சிருந்தாலும் முறிஞ்சிருக்கும்," என்று என் மனுசனைப் பார்த்துச் சொன்னா. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒப்பரேசன் செய்து அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். நோ மெல்ல மெல்ல விட்டது. கை பொருந்தியது. ஆண்டவருக்கும், எனக்காகப் பரிந்து பேசிய புனிதருக்கும் நன்றி. கதைத்த வாய்களில் ஒன்றாவது மன்னிப்புக் கேட்டதா? இல்லை. அந்தக் கோபத்தையும் பீடத்தில்தான் கொண்டுபோய் வைக்கிறேன்.

சகோதரங்களே, அழுதுதான் செபிக்க வேண்டும் என்றில்லை. கோபம் வந்தால் கோபத்தோடேயே போங்கள், ஆண்டவர் கேட்பார். வைத்தியரிடமும் வாய் திறந்து கேளுங்கள்.

அந்தோனியார் திருநாளன்று படகேறப் போனோம். இறங்குதுறை நிறையச் சனம். படகில் நின்று கையை நீட்டிய என் மனுசன், சனத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"பிடியுங்கோப்பா," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "இறுக்கிப் பிடியுங்கோ."