வரப்போகும் போன்

சாரம் என்ற பகுதியில் நான் குடியிருந்த அடுக்குமாடியின் காவலாளிக்கு அறுபது வயதிருக்கும். ஒல்லியான ஆள், சீருடைச் சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிது. வைத்திருந்தது பழைய பட்டன் போன். ஆனால் அந்த வருடம் வரவிருந்த ஒரு விலையுயர்ந்த போனைப் பற்றித்தான் எல்லோரிடமும் விசாரிப்பார்.

"பேட்டரி ரெண்டு நாளு நிக்குமாமே, நெசமா தம்பி?"

கல்லூரிப் பையன்கள் வண்டியை நிறுத்தி, கேமரா மூன்றா நான்கா என்று அவர் முன்னால் சண்டை போடுவார்கள். அவர் இரண்டு கட்சிக்கும் தலையாட்டுவார்.

"வாங்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அட போங்க சார். சாப்டியான்னு கேட்டா, ஆச்சுன்னுட்டுப் போயிடறாங்க. போனைப் பத்திக் கேட்டா நின்னு பேசறாங்க. வூட்டுல எனக்கு யாரு இருக்கா பேச?"

பிறகு அந்த போன் கடைக்கு வந்துவிட்டது. எல்லா விவரமும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. பையன்கள் கையசைத்துவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு வாரம் அவர் யாரையும் நிறுத்திப் பேசி நான் பார்க்கவில்லை.

ஒரு காலை நான் வண்டியைக் கிளப்பும்போது கிட்டே வந்தார். "அடுத்ததைப் பத்தி ஒண்ணும் பேச்சு இல்லியா சார்?"

நான் பத்திரிகை நிருபர்; உறுதியாகாத எதையும் செய்தியாக எழுதியதில்லை.

"சார்ஜே போட வேணாமாம்," என்றேன். "வெயில்ல வச்சாப் போதுமாம்."

அவர் முகம் மலர்ந்தது. உடனே கவலையும் வந்தது. "மழைக்காலத்துல என்ன சார் பண்றது?"

நான் வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டேன்.