உயிரோடு இருந்த குற்றம்

கியோத்தோவின் மேற்கோரத்து ஸ்டுடியோ ஒன்றில் மசுவோ பார்த்த வேலை, சாவது. யகூசா என்னும் ரவுடிக் கும்பல்களின் படங்களில் தாதாவுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டோடு நிற்பான், சுடுவார்கள், விழுவான். படம் ஓடிவிட்டால் அடுத்த பாகம். 'இறுதிப் பாகம்' என்று போஸ்டர் ஒட்டிய பசை காயும் முன்பே அடுத்ததற்குப் பூஜை போடும் வெட்கங்கெட்ட கம்பெனி அது.

செத்ததால் அங்கே எவனுக்கும் பிழைப்புக் கெட்டதில்லை. முதல் பாகத்தில் கழுத்து அறுபட்ட கதாநாயகனே மூன்றாம் பாகத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேறொரு தாதாவாக வந்து நின்றான். ஜனங்களும் கைதட்டினார்கள். மசுவோவுக்கு ஒட்டுமீசை போதும், மறுபிறவி தயார்.

அவன் மனைவி தொமிகோவுக்குத்தான் இது ஆகவில்லை. இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மேல் உப்புத் தூவித்தான் உள்ளே விடுவது அந்த ஊர் வழக்கம். மசுவோ செத்த நாளெல்லாம் அவள் உப்புக் கிண்ணத்தோடு வாசலில் நிற்பாள்.

"இன்னைக்கும் போய்ச் சேர்ந்தாச்சா?"

"ம். மீன் மார்க்கெட்டுல. வயித்துல குண்டு."

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு? போன படத்துல நீங்க விழுந்தப்போ எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. ஒரே ஒரு தடவை உயிரோட இருங்களேன்!"

மசுவோ ஒரு பாட்டில் சாக்கே மதுவோடு டைரக்டர் நிஷிவாகியின் முன்னால் போய்க் குனிந்து நின்றான்.

"சாக மாட்டியா? உனக்கு என்னய்யா கேடு?"

"வீட்டுல பிடுங்கி எடுக்கறா, ஐயா."

பாட்டில் பாதி காலியானதும் நிஷிவாகிக்கு இரக்கம் சுரந்தது. ஏழாம் பாகத்தில் மசுவோவைச் சுடவில்லை. விலங்கு மாட்டி, பனி கொட்டும் வடகோடி அபஷிரி ஜெயிலுக்கு அனுப்பினார். தொமிகோ தெருவையே தியேட்டருக்குக் கூட்டிப்போய், அவன் பிழைத்ததைப் பார்த்துக் குலுங்கி அழுதாள்.

எட்டாம் பாகத்துக்கு அவனைக் கூப்பிடவே இல்லை.

"நீதான் ஜெயில்ல இருக்கியே!" என்றார் நிஷிவாகி.

"மீசை ஒட்டிக்கறேன், ஐயா."

"செத்தவன் வேற ஆளா வரலாம்யா. உயிரோட இருக்கறவன் எப்படி வருவான்? ஜனங்க சிரிக்க மாட்டாங்க?"

என்ன நியாயம் பாருங்கள்! ஒன்பதாம் பாகமும் வந்து போனது. தொமிகோ பொதுக் குளியலறையில் கூலிக்குத் தரை தேய்த்தாள். மசுவோ வீட்டில் தனியாகத் தொப்புத் தொப்பென்று விழுந்து பழகினான். கீழ்வீட்டுக்காரர் கழியால் மேலே இடித்தார். கூப்பிட ஆளில்லாமல் அவன் விழுந்து எழுவதைக் தொமிகோ கதவோரம் நின்று பார்த்தாள். மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"என் புருஷனைக் கொன்னுடுங்க, ஐயா."

"அதுக்கு நான் ஜெயில் செட்டு போடணுமா? வேணும்னா, 'அபஷிரியில அவன் குளிர்சுரத்துல போயிட்டான்'னு எவனாவது வந்து சொல்லட்டும். ஒரு வரியில தீர்ந்தது."

"அந்த எவனாவது யாருங்க?"

நிஷிவாகி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்தாம் பாகத்தில் மசுவோ ஒட்டுமீசையோடு ஓடி வந்து, தான் செத்துப்போன செய்தியைத் தானே தாதாவிடம் சொன்னான். வாழ்க்கையில் அவன் பேசிய முதல் வசனம். கெட்ட செய்தி கொண்டுவந்தவனைத் தாதா சும்மா விடுவானா? அங்கேயே சுட்டான்.

அன்று சாயங்காலம் தொமிகோ வாசலில் கிண்ணத்தோடு காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"போய்ச் சேர்ந்தாச்சா?"

"ரெண்டு தடவை," என்றான் மசுவோ, நெஞ்சை நிமிர்த்தி.

அவள் இரண்டு கையாலும் உப்பை அள்ளினாள்.