மே மாதத்தில் ஓடிய தண்ணீர்

லேபுக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் பாலத்தில் வண்டியை மெதுவாக்கினார். "பாத்தீங்களா மேடம், ஆத்துல தண்ணி வந்துடுச்சு" என்றார், சந்தோஷமாக. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மேட்டூரில் தண்ணீர் விடவில்லை, மழையும் இல்லை. அப்படியென்றால் ஓடுவது எங்கிருந்து வந்த தண்ணீர்?

குடிநீர் லேபில் நான் டெக்னீஷியன். காவிரி மணலுக்குள் இருக்கும் கிணற்றிலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர் எடுக்கிறோம். கரையில் இறங்கிப் பார்த்தேன். புதிதாக முளைத்த நகர்களின் சாக்கடை அந்தக் கிணற்றை உரசிக்கொண்டு கறுப்பாக ஓடியது. முன்பு கோடையிலும் ஆற்றில் கொஞ்சம் நீரோட்டம் இருக்கும், சாக்கடை அதில் கரைந்துபோகும். இப்போதெல்லாம் பெய்தால் ஒரேயடியாக வெள்ளம், இல்லாவிட்டால் வெறும் மணல்.

லேபுக்கு வந்து அந்தக் கிணற்றுத் தண்ணீருக்குக் குளோரின் டெஸ்ட் போட்டேன். தண்ணீரில் குளோரின் மிச்சம் இருந்தால், டெஸ்ட் மருந்து சொட்டு விட்டதும் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. குளோரினைக் கூட்டச் சொல்லி மறுபடி போட்டேன். அப்போதும் நிறம் மாறவில்லை. போட்ட குளோரினையெல்லாம் சாக்கடை தின்றுவிட்டது.

தண்ணீரை நிறுத்தச் சொல்லி இன்ஜினீயருக்குப் போன் செய்தேன்.

"உறையூருக்கு நேத்தே தண்ணி விடலம்மா. இன்னிக்கும் நிறுத்துனா ஜனங்க ரோட்டுல உக்காந்துடுவாங்க."

"உக்காரட்டும் சார். ஆஸ்பத்திரியில படுக்கக் கூடாது."

"வால்வை மூடச் சொல்லிடுறேன். ஆனா ஒரு தெருவுக்குக் காலையிலேயே போயிடுச்சும்மா" என்றார்.

அந்தத் தெருவுக்கு ஓடினேன். வீடு வீடாக, "குடிக்காதீங்க, கொட்டிடுங்க" என்று கத்தினேன். குடத்தை நிரப்பி வைத்திருந்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கதீஜா என்ற பெண் மட்டும் திட்டவில்லை. இடுப்பில் கைக்குழந்தை.

"என்னக்கா சொல்றீங்க? எம்புள்ள இப்பத்தானே குடிச்சான்."

குழந்தைக்கு ஏதாவது என்றால் உடனே கூப்பிடச் சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன்.

சாயந்திரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசியைப் பார்த்ததும் வெளியே வந்து அழுதுவிட்டேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

வீட்டுக்குக் கிளம்பும் அன்று கதீஜா கேட்டாள். "அக்கா, டெஸ்ட் பண்றவங்க நீங்க. இனிமே குழாத்தண்ணி குடுக்கலாங்களா?"

அன்று காலை டெஸ்டில் நல்ல மஞ்சள் வந்திருந்தது. ஆனாலும், "காய்ச்சிக் குடும்மா" என்றுதான் சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, டெஸ்ட் சரியாக வந்த நாளிலும் பயப்படுங்கள். பயம் விட்டுப்போனவர் யாராக இருந்தாலும் வால்வு பக்கம் விடாதீர்கள்.