மதியம் ஒன்று முதல் நான்கு வரை

வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்வதில் நான் வல்லவன் என்று எங்கள் பகுதியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைத் தொடங்கி வைத்தவனும் நான்தான். கடலில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று மணிக்கணக்கில் விளக்குவேன். நான் கடைசியாகக் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கல்லூரி நாட்களில். அதுவும் பின்னாலிருந்து ஒருவன் தள்ளிவிட்டதால்.

உள்ளூர்க்காரர்களின் கடல் அறிவு பொதுவாக இந்த அளவில்தான் இருக்கிறது. மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போவோம். கட்டைச் சுவரில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நடந்து போகிறவர்களைப் பார்ப்போம். கடல் நாளைக்கும் அங்கேயே இருக்கும். நடந்து போகிறவர்கள் அப்படியா?

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு அக்கா இருக்கிறார். பஞ்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஆலை மூடியபோது வந்த பணத்தில் மாடியில் ஓர் அறை கட்டினார். அதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுவது என்று போன வருடம் முடிவு செய்தார். மகன் மூலகுளத்தில் தனிக்குடித்தனம். அவனுக்கு இது பிடிக்கவில்லை. பார்சல் கம்பெனி ஒன்று கிடங்கு தேடிக்கொண்டிருந்தது. மாதா மாதம் தொல்லையில்லாமல் வாடகை வரும் என்பது அவன் கணக்கு.

"மூணு மாசம் பாரும்மா. ஒரே ஒரு பார்ட்டி வந்து தங்கிட்டு, மறுபடியும் வர்றோம்னு சொல்லட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா டப்பாவ ஏத்திடுவேன்" என்றான்.

"எதுக்குக்கா இந்த வேலை? கிடங்குன்னா நிம்மதியா இருக்கலாமே" என்று நானும் கேட்டேன்.

"நான் இந்த ஊர விட்டு எங்க போனேன் தம்பி? திருப்பதிக்கு ஒரு தடவ, அதுவும் கூட்டத்துல ஒண்ணும் தெரியல. நான்தான் எந்த ஊருக்கும் போவல. ஊருங்களாவது என் வீட்டுக்கு வரட்டுமே."

வருகிறவர்களுக்கு உதவியாக ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். நான் மூன்று புத்தகங்கள் எழுதியவன் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றையும் படித்ததில்லை என்பதால்தான் நம்பிக் கேட்டார்.

அரைப் பக்கம் போதும் என்றார். நான்கு பக்கம் எழுதினேன். அதில் உருப்படியானதும் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். படகில் போகும் மணல்திட்டுக் கடற்கரைக்கு முதல் படகிலேயே போய்விடுங்கள்; ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், கிட்டத்தட்டத் தீவு. ஏறும்போதே திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நிழல் குறைவு, அலை இழுக்கும், கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். கரையில் ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் மிதிக்காதீர்கள். செத்த பிறகும் கொட்டும். வடக்கே கனகசெட்டிக்குளத்துக்கு விடிகாலையில் போனால் படகுகள் கரையேறுவதைப் பார்க்கலாம். காயும் வலையைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கடற்கரைச் சாலையில் மாலைக்குமேல் வண்டி விட மாட்டார்கள்; நடக்க முடியாதவர்களோடு வந்தால் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். சென்னைக்குத் திரும்புகிறவர்கள் காலாப்பட்டிலேயே பஸ் பிடிக்கலாம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி. "மதிய வெயிலில் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம். அந்த நேரத்தில் கடைத்தெருவில் நிழலாகச் சுற்றி, வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்." அந்தப் பக்கத்திலேயே நன்றாக வந்திருக்கும் பத்தி அதுதான் என்று என் மனைவியிடம் வாசித்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

கிட்டத்தட்ட மூன்று மாதமும் யாரும் வரவில்லை. அக்கா தினமும் மாடியைப் பெருக்கித் துடைத்துவிட்டு இறங்குவார். கெடு முடியப் போகும் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஈரோட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். அங்கே மளிகைக் கடை. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு முதல்முறையாகக் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். என் நான்கு பக்கத்தையும் சத்தமாகப் படித்துப் பார்த்ததாக அக்கா சொன்னார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் மதியம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அக்கா என் கட்டில் அருகில் நின்று, "தம்பி, எழுந்திரு. உன் பேப்பரப் படிச்சிட்டு அவங்க கடைத்தெருவுக்குப் போயிட்டாங்க" என்றார்.

"போகட்டுமேக்கா."

"மணி ஒண்ணே முக்கால்."

எழுந்து உட்கார்ந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்களுக்கு விட்டுச் சென்றவற்றில் நாங்கள் மனப்பூர்வமாகக் கடைப்பிடிப்பது மதியத் தூக்கம். ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கும்; நான்கு மணிக்குத்தான் ஏறும். பெரிய கடைகள் சில இப்போது கெட்டுப்போய் மதியத்திலும் திறந்திருக்கின்றன. நான் பரிந்துரைத்த தெரு இன்னும் கெடவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் ஐம்பத்திரண்டு வயதுவரை நான் அந்தத் தெருவை அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை. நானும் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். கண்ணால் காணாத ஒரு கடைத்தெருவைப் பற்றி நிழலோடு எழுதியிருந்தேன்.

"பஸ் ஏறிடுவோம்னு அந்தம்மா போன்ல சொல்லுது தம்பி" என்றார் அக்கா. சட்டையைத் தேடினேன்.

ஸ்கூட்டரில் போனேன். தெரு முழுக்க வெயில். ஒரு நாய்கூட விழித்திருக்கவில்லை. பூட்டிய பாத்திரக்கடைப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவின் ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது. கணவர் என் மூன்றாம் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தார். அக்கா அனுப்பினார் என்றேன்.

"ஏனுங்க, ஊர்ல பெரிய ஆளு யாராச்சும் போயிட்டாங்களா? அத்தன கடையும் சாத்தியிருக்குதுங்க."

"யாரும் போகலைங்க. தூங்கறாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

அந்த அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத எழுதுனவரு இந்த ஊருக்காரருங்களா?"

"அப்படித்தான் சொல்லிக்கிறாருங்க" என்றேன்.

"பேசாம சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிடலாமுங்க" என்று அவர் கணவரிடம் சொன்னார். அக்காவின் மூன்று மாதமும் அந்த அறுந்த செருப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் ஆட்டோக்காரர் பின்சீட்டில் காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தார். தொட்டு எழுப்பினேன். "நாலு மணிக்கு வாங்க" என்றார் கண் திறக்காமல். விருந்தாளிகள் என்று கெஞ்சினேன். "மிசே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று எழுந்தார். மிசே என்பது எங்கள் ஊரில் மிச்சமிருக்கும் பிரெஞ்சு மரியாதை. என்னை அப்படி அழைக்கிறவர்கள் எல்லாருமே கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தபோது அக்கா வாசலிலேயே நீர்மோரோடு நின்றார். மாடி அறை இந்த நேரத்தில் அனலாக இருக்கும் என்று கீழே கூடத்தில் பாய் விரித்து, ஜன்னலை ஒருக்களித்து, மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார்.

"படுங்க" என்றார்.

"பகல்ல படுத்துப் பழக்கமில்லீங்க. முப்பது வருசமா மத்தியானம் கடையில நின்னே பழகிட்டோமுங்க" என்றார் அந்த அம்மா.

"எனக்கும் அப்டித்தான்மா. இருபது வருஷம் ரெண்டு மணி ஷிப்டு. ஊரே தூங்கும், நான் அறுந்த நூல முடிச்சி போட்டுட்டு நிப்பேன். மில்லு மூடுன மறுநாள் மத்தியானம் படுத்தேன் பாரு, அன்னிக்குத்தான் நானும் இந்த ஊருக்காரின்னு தோணுச்சி. சும்மா கண்ண மூடுங்க. தூக்கம் வரலன்னா எழுந்து என்னத் திட்டுங்க."

பத்து நிமிடத்தில் ஈரோட்டுக்காரர் குறட்டை விட்டார். இன்னும் ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாவும். அறுந்த செருப்பை ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தைக்கக் கிளம்பினேன். தைக்கிறவரும் தூங்கிக்கொண்டிருப்பார் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

நான் திரும்பி வந்தபோது மணி மூன்று. மகன் வந்திருந்தான். மாடி அறையை அளக்க, கையில் டேப். ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து வாயில் விரல் வைத்தார்.

"யாரும்மா உள்ள?"

"ஈரோடு" என்றார் அக்கா. "ஈரோடு தூங்குது. நாலு மணிக்கு மேல வா."

அவன் கூடத்தை எட்டிப் பார்த்தான். மேலே போவதற்கு அந்த இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளை. அதைச் செய்ய மாட்டான். வாசல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் தலையும் ஒரு பக்கம் சாய்ந்தது. விழித்திருந்தது அக்காவும் நானும்தான். அக்கா பழக்கத்தில், நான் குற்ற உணர்ச்சியில்.

நாலே காலுக்கு அந்த அம்மா எழுந்தார். முகத்தில் பாயின் கோடு.

"எங்க கலியாணத்துக்கு முன்னாடி தூங்குனதுங்க இப்படி" என்றார். காப்பியை வாங்கிக்கொண்டு, "பொங்கல் முடிஞ்சு நாலு நாள் வரலாம்னு இருக்கோம். அப்ப இந்த எடம் கிடைக்குங்களா? மாடி வேண்டாமுங்க, மத்தியானத்துக்கு இந்தக் கூடம்தான் வேணும்."

அக்கா மகனைப் பார்த்தார். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, டேப்பை இழுத்து, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அளந்தான்.

"இந்த ஓரத்துல இன்னொரு ஃபேன் மாட்டலாம்மா" என்றான்.

பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த மூணாம் பக்கத்த மட்டும் மாத்தி எழுதிக் குடு. ரெண்டு வரி போதும்."

மறுநாளே எழுதிக் கொடுத்தேன், நான்கு மணிக்கு மேல்.