இருநூற்றுப் பன்னிரண்டு கேபி

சகாதேவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. அந்தத் திறமை இருந்திருந்தால், சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டதற்கு வீட்டில் நல்ல காரணமாவது சொல்லியிருப்பான். போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் அவன் வீட்டில் அவனுக்கு நடந்தது இது. நடந்தது நடந்தபடி.

இணையத்தில் ஓடும் அசையும் விளம்பரங்களைச் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. அன்றைக்குப் படகுச் சவாரி விளம்பரம். விடியற்காலையில் அவனே கரையில் நின்று செல்போனில் எடுத்த மூன்று விநாடி. ஆளில்லாத ஏரி, தூரத்தில் ஒரு படகு. அதை இருபத்து நாலு படங்களாக வெட்டி அடுக்கியிருந்தான். கோப்பின் எடை மொத்தமும் நூற்றைம்பது கேபிக்குள், அதாவது கிலோபைட்டுக்குள், அடங்க வேண்டும். அசையாத இடம் எடை கூட்டாது; ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மாறுகிற இடம்தான் கூட்டும். இதில் மாறுவது படகு மட்டும். எண்பதுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

இரவு 8.10. கம்பெனியிலிருந்து போனில் சுதா மேடம்.

“இன்னாப்பா, ஒன்பதுக்கு சைட்டு மூடிடுவான். இன்னும் அனுப்பல?”

“சைஸ் எறங்க மாட்டேங்குது மேடம்.”

“ரெண்டு தபா இதையே சொல்லிட்ட. இன்னிக்கும் இல்லன்னா வேற ஆள வச்சிக்கிறேன். நீ அங்கயே எறா புடிச்சிக்கினு கெட.”

வண்ணங்களை நூற்று இருபத்தெட்டிலிருந்து முப்பத்திரண்டாகக் குறைத்தான். 212. படகையே தூக்கிவிட்டுப் பார்த்தான். 212.

ஒரு கேபிகூட மாறவில்லை. அப்படி ஆகவே ஆகாது.

8.31. எது மாறுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அசையாததை எல்லாம் கருப்பாக்கி, மாறுகிற புள்ளிகளை மட்டும் காட்டச் சொல்லலாம். சொன்னான். திரை கருத்தது. நடுவில்... ஒரு தலை.

கழுத்தளவு தண்ணீரில். வாயில் ஏதோ இருந்தது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில், பறி என்கிற ஓலைக்கூடை பல்லில்.

காலையில் அங்கே யாருமில்லை. சத்தியமாக இல்லை.

முதல் படத்தில் தூரம். பன்னிரண்டாவதில் கொஞ்சம் கிட்டே. இருபத்து நாலாவதில்... பெண் என்று தெரிந்தது.

அடுத்து இன்னொரு படம் இருந்தது. இருபத்தைந்தாவது. அவன் வெட்டியது இருபத்து நாலுதான்.

அதில் அவள் அவனைப் பார்த்தாள்.

8.44. மூச்சுச் சத்தம். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் இழுக்கிற மூச்சு. லேப்டாப்பிலிருந்தா என்று சத்தத்தை அணைத்தான். நிற்கவில்லை.

“யாரு?”

பறியைக் கடித்திருப்பவர்களால் பதில் சொல்ல முடியாது. கூப்பிட்டால் உள்ளங்கையால் தண்ணீரை இரண்டு தட்டு தட்டுவார்கள். இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும்.

தப்... தப்.

கொல்லைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து.

8.52. போய்ப் பார்க்கலாம். பார்த்தால் ஒன்பது தாண்டிவிடும். வேலை போய்விடும்.

கதவைத் தாழ்போட்டான்.

ஆளில்லாத ஒரு துண்டுத் தண்ணீரை வெட்டி எடுத்தான். எல்லாப் படத்தின் மேலும் போர்த்தினான். ஏரி மொத்தமும் அசையாமல் நின்றது.

தப்...

இரண்டாவது தட்டு வரவில்லை.

79 கேபி. மணி 8.56.

அனுப்பினான். சுதா மேடம் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

காலையில் கரையில் கூட்டம். பக்கத்து வீட்டுக் காசியம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம முரளி பொண்டாட்டி ஜமுனா... நேத்து பொழுது சாய எறா தடவ எறங்கினா. இன்னும் வரலடா.”

“ராத்திரி தேடலயா?”

“தேடாம? இருட்டுல எங்கனு தெரியல. கூப்டா தட்டிக்கினே இருந்தா, ரெண்டு ரெண்டு தட்டா. அந்தச் சத்தத்த வச்சே படகு வுட்டாங்க. கிட்ட போறதுக்குள்ள நின்னுபோச்சி.”

“எத்தினி மணிக்கு?”

முரளி தண்ணீரைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

“எட்டு அம்பத்தாறு. அப்பதான் போன்ல டார்ச் போட்டேன். ஒரு தட்டு தட்டினா நைனா... ரெண்டாவது தட்டல. தண்ணி மொத்தமும் அப்டியே நின்னுச்சி. படகு போய்க்கினே இருக்குது... ஒரு அலை இல்ல.”